வீட்டிலிருந்தே ஆன்ம விசாரம்: தொடங்குவோருக்குச் சில வழிமுறைகள்

பௌர்ணமி நாள்களில் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்படும் பேருந்துகளில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களில் ஒருவனாக நானும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இரவெல்லாம் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு, போளூர், கண்ணமங்கலம், கணியம்பாடி என்று தூங்கி வழிந்தபடி ஊர் திரும்பிய ஒரு விடியற்காலையில், நெற்றி விபூதி கலையாமலேயே, வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை யாரும் எடுத்து வைக்கவில்லை என்பதற்காக மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பாலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ‘இந்தக் கோபம் யாருக்கு வந்தது?’ என்ற கேள்வி, புத்தகத்தில் அடிக்கோடிட்ட வாசகமாக இல்லாமல் உண்மையான கேள்வியாக எனக்குள் எழுந்தது அன்றுதான்.

பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் வேலை, குடும்பம், கடன், மருத்துவமனை என்று அலைந்துகொண்டிருக்கும் ஒருவர், காவி உடுத்தாமல், கட்டணம் கட்டாமல், ‘நான் யார்’ என்னும் விசாரத்தை, அதாவது தன்னைத்தானே ஆராயும் முறையை, வீட்டிலேயே எப்படித் தொடங்கலாம் என்பதைப் பற்றியது இக்கட்டுரை. நான் குரு அல்ல. அலுவலகக் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற எழுத்தர். தட்டுத்தடுமாறிச் செய்துவருவதில் எது உதவியது, எது வீணாயிற்று என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

கேள்வி எங்கிருந்து வந்தது

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்னும் பையனுக்கு, 1896 ஜூலையில் மதுரையில் தன் சிற்றப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, காரணமே இல்லாமல் சாவு பயம் பிடித்துக்கொண்டது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. கை கால்களை நீட்டிப் பிணம்போல் படுத்து, உடம்பு செத்தால் சாவது எது, சாகாமல் எஞ்சுவது எது என்று அங்கேயே பார்த்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விடும் வரை அந்த மலையை விட்டு நீங்கவில்லை. ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்.

1901–1902 வாக்கில், வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் அவரிடம் போய் ‘நான் யார்?’ என்று தொடங்கி வரிசையாகக் கேள்விகள் கேட்டார். அப்போது சுவாமி பேசுவதில்லை. மணலிலும் சிலேட்டிலும் விரலாலும் பலப்பத்தாலும் எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள் பின்னர் ‘நானார்?’ என்ற சிறு நூலாயின. கேட்டவர் அலுவலக வேலை பார்த்த குடும்பஸ்தர் என்பதை, நானும் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்ற முறையில் நான் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்வதுண்டு. ‘இதெல்லாம் சந்நியாசிகளுக்கு’ என்று தட்டிக்கழிப்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

வேலூரிலிருந்து அவரைத் தேடிப்போன இருவரின் கதையும் நமக்கு உதவும். வேலூரில் பள்ளி ஆசிரியராக இருந்த காவ்யகண்ட கணபதி முனிவர் பெரிய சம்ஸ்கிருத அறிஞர். கோடிக்கணக்கில் மந்திர ஜபம் செய்தும் தவம் என்றால் என்ன என்பது புரியவில்லை என்ற ஆற்றாமையோடு 1907 நவம்பரில், ரமணர் அப்போது தங்கியிருந்த விருபாக்ஷி குகைக்குப் போனார். ‘நான்’ என்னும் எண்ணம் எங்கிருந்து புறப்படுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம். மந்திரம் ஜபிக்கும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கேயே ஒடுங்கும், அதுவும் தவம் என்பது அவருக்குக் கிடைத்த பதில். 1911-இல் வேலூருக்குக் காவல்துறை அதிகாரியாக வந்த ஹம்ஃப்ரீஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர், தமக்குத் தெலுங்கு கற்பித்த முன்ஷியோடும் கணபதி முனிவரோடும் அதே குகைக்குப் போய், உலகத்துக்கு நான் உதவ முடியுமா என்று கேட்டார். உனக்கு நீ உதவிக்கொண்டால் அதுவே உலகத்துக்குச் செய்யும் உதவி என்ற கருத்தில் பதில் வந்தது. பண்டிதரையும் போலீஸ் அதிகாரியையும் அவரவர் நின்ற இடத்திலிருந்தே உள்நோக்கித் திருப்பிவிட்டிருக்கிறார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

முதல் வாரம்: கேட்க வேண்டாம், கவனித்தால் போதும்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கண்ணை மூடிக்கொண்டு ‘நான் யார், நான் யார்’ என்று உருப்போடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆறு மாதத்தை வீணடித்தேன். கேள்விக்கு முன் கேள்விக்குரிய பொருள் கையில் அகப்பட வேண்டாமா? ஆகவே முதல் வாரம் முழுவதும் ‘நான்’ என்ற சொல் உங்கள் வாயிலும் மனத்திலும் எப்போதெல்லாம் தலைதூக்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

இதற்கு நம் வீடுகளிலேயே ஒரு வசதி இருக்கிறது. கதவைத் தட்டுகிறோம், உள்ளேயிருந்து ‘யாரு?’ என்று கேட்கிறார்கள், ‘நான்தான்’ என்கிறோம். பெயர் சொல்வதில்லை, வேலை சொல்வதில்லை, யார் மகன், யார் கணவன் என்பதும் இல்லை. அந்த ஒரு சொல்லோடு நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. பெயரும் உறவும் வந்து ஒட்டிக்கொள்வதற்கு முந்தைய அந்த உணர்வு அரை நொடிதான் நிற்கும். அதை ஒருநாளைக்கு ஒருமுறையாவது பிடித்துப் பாருங்கள். பிடிபடவில்லை என்றாலும் குற்றமில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அதன்மேல் ஒட்டிக்கொள்பவை எத்தனை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். வாலாஜாவில் வாழும் என் அத்தை கல்யாணமாகி வந்தபோது அவர் வீடு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தபோது அதே வீடு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்துக்குப் போயிற்று. பிறகு அது வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019-இல் ராணிப்பேட்டை மாவட்டம். “வாசப்படி தாண்டாமயே நாலு ஜில்லா பாத்துட்டேன்டா” என்று அவர் சிரிப்பார். மகன், மாணவன், எழுத்தர், அப்பா, மாமனார், சர்க்கரை நோயாளி என்று நமக்கு மாறிவந்த பெயர்ப்பலகைகளும் இப்படிப்பட்டவைதாம். பலகை மாறியபோதெல்லாம் வீடு அங்கேயே இருந்ததா என்பதை அவரவர் வாழ்க்கையைக் கொண்டு பார்க்க வேண்டும். அடுத்தவர் சொல்லி ஒப்புக்கொள்வதால் பயனில்லை.

உட்காரும்போது செய்ய வேண்டியது

நேரம் விடியற்காலையாக இருந்தால் நல்லது. அதற்குப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை. வேலூர் வெயிலில், அதுவும் அக்கினி நட்சத்திரத்தின்போது, ஏழு மணிக்கு மேல் மின்விசிறிக்கு அடியிலும் உடம்பு கசகசக்கும், மனம் அதைத்தான் பார்க்கும். பாய், நாற்காலி, திண்ணை எதுவாயினும் சரி. முதுகு வலிக்காமல் இருப்பதே முக்கியம். இருபது நிமிடம் போதும். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்பவர்கள் பத்தாம் நாள் உட்கார்வதில்லை.

உட்கார்ந்தவுடன் எண்ணங்கள் வரும், வரட்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்தபோது, அண்ணன் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தை நான் உட்காரும்போதெல்லாம் வந்து முன்னால் நின்றது. ‘அண்ணன் இப்படிச் சொல்லிவிட்டாரே.’ இந்த எண்ணம் யாருக்கு? எனக்கு. இங்கே பாதி வேலை முடிந்துவிட்டது. ஏனென்றால் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்த கவனம் என் பக்கம் திரும்பிவிட்டது. அடுத்து, அந்த ‘எனக்கு’ என்பவன் யார்? மனம் உடனே ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தும்: அவமானப்பட்ட தம்பி. நெஞ்சில் ஒரு பாரம், தொண்டையில் ஓர் இறுக்கம், சிறுவயதில் சைக்கிள் கிடைக்காமல் போன பழைய கணக்கு ஒன்று. ஆனால் இந்தத் தம்பியையும் நான் பார்க்கிறேனே. பார்க்கப்படுகிறவன் பார்க்கிறவனாக எப்படி இருக்க முடியும்? இந்த இடத்தில் சொற்கள் நின்றுவிடும். இரண்டு நொடி, மூன்று நொடி, ஒன்றும் இல்லாததுபோல் ஒரு தெளிவு இருக்கும். பிறகு, ‘அந்தப் பத்திரத்தை எங்கே வைத்தோம்?’ என்று அடுத்த எண்ணம் வரும். அது யாருக்கு என்று மறுபடியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

செய்முறை இவ்வளவுதான். இதில் உள்ள சூட்சுமம், கேட்டுவிட்டு நிற்பதில் இருக்கிறது. சிறுவயதில் பாலாற்றில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகக் கிடக்கும் ஆற்றில், கையாலும் கொட்டாங்குச்சியாலும் முழங்கை ஆழம் பறித்தால் மணல் நனையும், இன்னும் கொஞ்சம் பறித்தால் கலங்கல் நீர் கசியும். அவசரக்காரப் பிள்ளைகள் அதற்குள் மறுபடியும் கையை விட்டுக் கிளறுவார்கள், சேறுதான் மிஞ்சும். பாட்டி கலங்கலை இரண்டு முறை இறைத்துக் கொட்டிவிட்டு, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துச் சும்மா உட்கார்ந்துவிடுவார். நீர் தானாகத் தெளிந்து வரும். விசாரத்தில் கேள்வி என்பது கொட்டாங்குச்சி. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தால் தெளிவு வராது.

மனம் ஒருநாள் மிகவும் அலைந்தால் மூச்சைக் கவனிக்கலாம். மூச்சை அடக்க வேண்டாம், போய் வருவதைப் பார்த்தால் போதும். மூச்சு அடங்கினால் மனம் அடங்கும்; ஆனால் மூச்சு மறுபடி ஓடத் தொடங்கியவுடன் மனமும் பழைய ஆட்டத்துக்குத் திரும்பிவிடும். அதனால் அதைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளும்படி ரமணர் சொல்கிறார். உணவைப் பற்றி அவர் வற்புறுத்திய நியமம் சாத்விகமாகவும் அளவாகவும் உண்பது. முதல்நாள் இரவு வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு விடியற்காலையில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தானே விளங்கும்.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனவில்லாத உறக்கத்தில் பெயரும் இல்லை, உடம்பும் இல்லை, கடனும் இல்லை. ஆயினும் எழுந்தவுடன் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்கிறோம். ஒன்றும் இல்லாதபோது அந்தச் சுகம் யாருக்கு இருந்தது? இதை வாதமாக எடுத்துக்கொள்ளாமல், காலையில் விழிப்பு வந்து பெயரும் நாளும் கிழமையும் வந்து ஏறிக்கொள்வதற்கு முன்னுள்ள கணத்தைக் கவனிக்கப் பயன்படுத்துங்கள். செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு அந்தக் கணம் கிடைப்பதில்லை.

வழி தவறும் இடங்கள்

பெரிய தவறு, விடையைச் சொல்லாகத் தேடுவது. ‘நான் ஆன்மா’, ‘நான் பிரம்மம்’ என்று மனம் ஒரு விடையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்வு முடிந்ததுபோல் எழுந்துவிடும். அந்த விடையும் ஓர் எண்ணம்தான். அது யாருக்கு வந்தது என்று அதையும் கேட்க வேண்டும். பிணத்தைச் சுடும்போது கிளறுகிற தடி கடைசியில் தானும் எரிந்துபோவதுபோல ‘நான் யார்’ என்ற நினைப்பும் மற்ற நினைப்புகளை எரித்துத் தானும் அழியும் என்பது ‘நானார்?’ காட்டும் உவமை. நம்மூர்ச் சுடுகாட்டில் கடைசி வரை நின்று பார்த்தவர்களுக்கு அது வெறும் உவமை இல்லை.

இரண்டாவது, உள்ளே பார்த்தால் ஒருவரும் அகப்படவில்லையே என்ற கலக்கம். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் லிங்கம் மீண்டும் பிரதிஷ்டையாகும் வரை நெடுங்காலம் மூலவர் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்து அகழி ஓரமாக வந்து, ஆளரவமற்ற அந்த மண்டபங்களில் ஓடிப்பிடித்து விளையாடியதும், கருவறை இருட்டில் எட்டிப்பார்த்து ‘ஒண்ணும் இல்லடா’ என்று நண்பர்களிடம் வந்து சொன்னதும் எனக்கு நினைவிருக்கின்றன. இருட்டையும் வெறுமையையும் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்கு நான் இருந்தேன் என்பது அன்று தோன்றவில்லை. தியானத்தில் வெறுமை வரும்போது பயந்து எழுந்துவிடாதீர்கள்; வெறுமை என்று தெரிந்துகொண்டது எது என்று அங்கேயே தங்குங்கள்.

ஒளி தெரிவது, ஓசை கேட்பது, உடம்பு லேசாவது ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வந்தால் வரும், போனால் போகும். தூங்கிவிழுவதை மட்டும் சமாதி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்தச் சமாதி வாரம் மூன்று நாள் வாய்க்கிறது.

பணம் கேட்கிறவர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மூன்று நாளில் ஆத்ம தரிசனம் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு பயிற்சிக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். மூன்றாம் நாள் மாலை, அடுத்த நிலைப் பயிற்சிக்கான படிவத்தைத்தான் தரிசித்தேன். ‘நானார்?’ நூலோ ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாத சிறு நூல்.

இன்னொன்று, இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். தூக்கம் அறவே போய்விட்டாலோ, காதில் யாரோ பேசுவதுபோல் கேட்டாலோ, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் விடாமல் துரத்தினாலோ, விசாரத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் மனநல மருத்துவமனை இருக்கிறது; அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘நான் யார்’ என்ற கேள்வி மாத்திரைக்கு மாற்று அல்ல.

கேள்வி ஒட்டவே இல்லை என்று சிலர் சொல்வார்கள். என் மனைவியும் அந்தக் கட்சிதான். விசாரம் இயலாதவர்களுக்கு இறைவனிடம் தம்மை ஒப்படைத்துவிடும் சரணாகதியை ரமணரும் இணையான வழியாகவே காட்டினார். தேவாரம் ஓதும் சைவ சித்தாந்த மரபில் வளர்ந்தவர்களுக்கு, உயிரும் இறைவனும் ஒன்று என்ற பேச்சு உறுத்தலாம். அவர்கள் கணக்கில் பதியாகிய இறைவன் வேறு, பசுவாகிய உயிர் வேறு. அந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஆணவம் கரைய வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. வள்ளிமலையில் வாழ்ந்து திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகளின் தாக்கத்தால் எங்கள் பகுதியில் பல வீடுகளில் திருப்புகழ் பாடும் வழக்கம் உண்டு. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே சந்தம் பிசகாமல் பாடுகிற என் மனைவியிடம், அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனிக்கும்படி கணபதி முனிவருக்குச் சொன்னதை ஒருநாள் சொன்னேன். “பாடறப்ப நான் எங்கங்க இருக்கேன்?” என்றார் அவர். நான் வாயை மூடிக்கொண்டேன்.

திருவண்ணாமலைக்கு எப்போது போவது

வீட்டில் ஒரு மாதமாவது உட்கார்ந்த பிறகு போங்கள். பௌர்ணமியைத் தவிர்த்து ஒரு சாதாரணச் செவ்வாயோ புதனோ போங்கள். ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கல் பாவிய பாதை மலைமேல் ஸ்கந்தாசிரமத்துக்குப் போகிறது. அங்கிருந்து நகரத்துப் பக்கமாகச் சற்றுக் கீழே இறங்கினால் விருபாக்ஷி குகை. ரமணர் 1899 முதல் 1916 வரை குகையிலும், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர்ப் புட்டியோடு கிளம்ப வேண்டும். குரங்குகள் இருப்பதால் கையில் பழப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகக் கூடாது. குகைக்குள் காற்று குறைவு, முதல் பத்து நிமிடம் வியர்த்துக் கொட்டும். சகித்துக்கொண்டால் பிறகு உடம்பு தணிந்துவிடும். ஆசிரமத்தில் அவர் வாழ்ந்த பழைய ஹாலிலும் பேசாமல் உட்காரலாம். புதிதாக எதையும் செய்ய முயல வேண்டாம். திண்ணையில் செய்த அதே இருபது நிமிடத்தை அங்கே செய்யுங்கள்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று பலர் கேட்கிறார்கள். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளாதீர்கள், வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். சுருக்கென்று ஒரு சொல் விழுவதற்கும் நாம் பதில் சொல்வதற்கும் நடுவில் முன்பு இல்லாத ஓர் இடைவெளி வந்திருக்கிறதா என்பதை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கிடைத்த பதில்: “முன்ன விட பரவால்ல, ஆனா காபி ஆறிப்போனா அதே ஆளுதான்.”

திரும்பும் பேருந்தில் போளூர் தாண்டும் வரையாவது செல்போனை எடுக்காமல் வாருங்கள். வேலூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டும்போது, உள்ளேயிருந்து ‘யாரு?’ என்று குரல் வரும். பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு, பிறகு ‘நான்தான்’ என்று சொல்லுங்கள்.